கரிசல் மண்ணில் கடக்கால்: வேஸ்ட் ஆயில் வேண்டாம், சுண்ணாம்பு போடுங்க

பல்லடம், பொங்கலூர், குடிமங்கலம் பக்கம் கரிசக்காட்டில் வீட்டுக்குக் கடக்கால், அதாவது அஸ்திவாரம், போடுகிறவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கிற கேள்வி இது: "ஏனுங்க, மச்சான் வண்டிப் பட்டறையில ரெண்டு பேரல் வேஸ்ட் ஆயில் சும்மா கெடக்குது. கடக்கால் குழியில ஊத்திக் கலந்துட்டா மண்ணு வீங்காதுங்கறாங்க. ஊத்திடலாமுங்களா?"

வேண்டாமுங்க.

யோசனை ஒன்றும் அசட்டுத்தனமானது இல்லை. கரிசல் மண் தண்ணீரைக் குடித்து வீங்கும், கோடையில் கைவிரல் நுழைகிற அளவுக்கு வெடிக்கும். தண்ணீரைத் தடுத்தால் வீக்கம் நிற்கும் என்பது நியாயமான கணக்குத்தான். ஆய்வகத்தில் ஆயிலைக் களிமண்ணில் கலந்து பார்த்தவர்களும் உண்டு. மண் தண்ணீர் உறிஞ்சுவது கொஞ்சம் குறையும். ஆனால் அதே ஆயில் மண் துகளுக்கும் துகளுக்கும் நடுவில் வழுக்கலாக உட்கார்ந்துகொள்ளும். அளவு கூடக் கூட மண்ணின் பிடிப்பு இறங்கும். சென்ட்ரிங் தகட்டுக்கு நம்ம ஆட்கள் ஆயில் தடவுவதே கான்கிரீட் ஒட்டக் கூடாது என்றுதான். ஒட்டவிடாத சாமானைக் கடக்காலுக்கு அடியில் போடலாமா?

இன்னொன்று, கிணறும் போர்வெல்லும். எஞ்சினில் ஓடித் தேய்ந்த ஆயிலில் ஈயம், துத்தநாகம் மாதிரி உலோகங்களும், புற்றுநோய் வரவைக்கிற கரிமப் பொருட்களும் இருக்கும். மண்ணில் விட்டதைத் திரும்ப எடுக்க முடியாது. நொய்யலாற்று ஒரத்துப்பாளையம் அணையில் திருப்பூர்ச் சாயப்பட்டறைக் கழிவுத்தண்ணி நின்றதைப் பார்த்த ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். 2016ஆம் ஆண்டு விதிகளின்படி பழைய ஆயில் அபாயக் கழிவு. அனுமதி பெற்ற மறுசுழற்சிக்காரரிடம்தான் கொடுக்க வேண்டும். மச்சானிடம் அதைச் சொல்லிவிட்டு வேலைக்கு வாங்க.

முதலில் மண் எவ்வளவு வீங்குகிறது என்று பாருங்க. மண்ணை நன்றாக உலர்த்தி, 425 மைக்ரான் சல்லடையில் சலித்து, 10 கிராம் வீதம் இரண்டு பங்கு எடுங்க. 100 மில்லி அளவுக் குழாய் இரண்டில் ஒன்றில் மண்ணெண்ணெய், மற்றதில் காய்ச்சி வடித்த தண்ணீர். மண்ணைப் போட்டு, காற்றுக்குமிழ் போகக் கிளறி, 24 மணி நேரம் ஆடாமல் வையுங்க. மண்ணெண்ணெயில் 10 மில்லியும் தண்ணீரில் 17 மில்லியும் நின்றால், வீக்கம் 70 சதவீதம். 50ஐத் தாண்டினாலே மண்ணைச் சும்மா விடக் கூடாது. மண்ணெண்ணெயில் வீங்காததைப் பார்த்து, 'அப்ப ஆயில் ஊத்தினாச் சரிதானே' என்று சிலருக்குத் தோன்றும். குழாயில் போட்டது காய்ந்த மண். உங்க காட்டு மண் ஏற்கெனவே தண்ணி குடித்த மண். ஆயில் அதை வெளியே தள்ளாது.

சுண்ணாம்பு வேறு மாதிரி. அதிலிருக்கும் கால்சியம் களித்துகள்களை ஒன்றுசேர்த்து மண்ணைப் பொலபொலவென்று ஆக்கிவிடும். பிறகு களியிலிருக்கிற சிலிக்கா, அலுமினாவோடு சேர்ந்து சிமெண்ட் மாதிரி மெதுவாக இறுகும். ஆயில் எத்தனை வருஷம் கிடந்தாலும் இறுகாது.

அளவு: காய்ந்த மண் எடையில் 4 முதல் 6 சதவீதம். 10க்கு 10 அறையின் தரைக்கு அடியில் ஓரடி ஆழம் என்றால் 100 கன அடி, ஏறக்குறைய நாலேகால் டன் மண். 5 சதவீதத்துக்கு 212 கிலோ, அதாவது 25 கிலோ மூட்டையில் எட்டரை. வெள்ளையடித்து மிச்சமான பழைய சுண்ணாம்பு உதவாது. காற்றுப் பட்டே வேகம் போயிருக்கும். புதிதாக வந்த நீர்த்த சுண்ணாம்புத் தூளாக வாங்குங்க.

ஐப்பசி மழைக்கு முன்னாடி முடிக்கிற மாதிரி ஆரம்பிங்க. தோண்டிய மண்ணைக் களத்தில் பரப்பி, கட்டிகளைப் பட்டாணி அளவுக்கு உடையுங்க. மண்வெட்டியில் இது ஆகிற காரியம் இல்லை. டிராக்டர் ரோட்டாவேட்டர் விட்டால் சீக்கிரம் முடியும். சுண்ணாம்பைத் தூவிக் காய்ந்தபடியே ஒருமுறை கலந்து, தண்ணீர் தெளித்து மறுபடி கலந்து, தார்ப்பாய் போட்டு ஒன்றிரண்டு நாள் விடுங்க. இந்த ஊறலை அவசரப்பட்டுத் தவிர்ப்பவர்கள்தான் பின்னால் சுண்ணாம்பைக் குறை சொல்வார்கள். ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பாருங்க. உருண்டை நிற்க வேண்டும், உள்ளங்கையில் ஒட்டக் கூடாது. ஒட்டினால் சுண்ணாம்பு பற்றவில்லை. பிறகு அரையடி அடுக்காகப் போட்டு மண்ணை இடித்து இறுக்குகிற ராமர் (rammer) மிஷினில் இடிங்க. மிஷின் போகாத மூலைக்குக் கையால் இடிக்கிற திமிசுக் கட்டை. மேலே ஈரச்சாக்கு போட்டு, ஒரு வாரம் அது காயாமல் பார்த்துக்கொள்ளுங்க. கையுறை, கண்ணாடி கட்டாயம். சுண்ணாம்பு கண்ணில் விழுந்தால் பார்வைக்கே ஆபத்து. நிறையத் தண்ணீரில் கழுவிக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். மண்ணில் ஜிப்சம் அதிகம் இருந்தால் சுண்ணாம்பே புது வீக்கத்தைக் கிளப்பும். சல்பேட் பரிசோதனைக்குக் கொஞ்சம் மண் அனுப்பிவிட்டுத் தொடங்குங்க.

இந்தச் சுண்ணாம்பு மண் தரைக்கு அடியில், வாசலில், வண்டி நிற்கிற இடத்தில் போட. சுவர் பாரத்தை இதை மட்டும் நம்பி வைக்காதீங்க. நம்ம பக்கம் பல காடுகளில் நாலைந்து அடிக்குக் கீழே சுக்கானோ (சுண்ணாம்புக் கல்) உடைபாறையோ வரும். வந்தால் அதுவரை தோண்டி அங்கே உட்காருங்க. வராத ஆழமான கரிசலில், அடியில் குமிழ் வைத்த பைல்தான், அதாவது மண்ணுக்குள் ஆழமாக இறங்குகிற கான்கிரீட் தூண். ரூர்க்கியிலுள்ள மத்திய கட்டிட ஆராய்ச்சி நிலையம் இதற்கென்றே உருவாக்கிய முறை. பொதுவாக 3.5 மீட்டருக்குக் குறையாத ஆழம், குமிழின் அகலம் தண்டைப்போல் இரண்டரை மடங்கு. மேலே ஓடுகிற பீமுக்கும் மண்ணுக்கும் நடுவில் 80 மில்லிமீட்டர் இடைவெளி விடச் சொல்லுங்க. மேஸ்திரி 'எதுக்குங்க சந்து' என்று அடைக்கப் பார்ப்பார், விடாதீங்க. மண் வீங்கினால் போக இடம் அதுதான். கம்பிக் கணக்கை இன்ஜினியர் போடட்டும்.

வீட்டைச் சுற்றி மூன்றரை அடிக்குக் குறையாமல் சிமெண்ட் தளம், வெளிப்பக்கம் சரிவாக. குளியலறைத் தண்ணியைத் தென்னைக்கு விடுவதென்றால், தென்னையைச் சுவரிலிருந்து தள்ளி வையுங்க.