மடக்குக் கத்தி வாங்கும்போது பிடியைப் பாருங்கள்

கடையில் எல்லோரும் அலகின் கூர்மையைத்தான் பார்க்கிறோம். முதலில் கத்தியை விரித்து இறுக்கிப் பிடித்துப் பாருங்கள். சுண்டுவிரல் பிடிக்கு வெளியே தொங்கினால் அது உங்கள் கைக்குச் சின்னது. ஆள்காட்டி விரலுக்கு முன்னால் ஒரு மேடோ குழிவோ இருக்கட்டும். ஈரக்கையோடு கயிறு அறுக்கும்போது விரல் அலகுக்கு வழுக்காமல் தடுப்பது அதுதான். பளபளக்கும் ஸ்டீல் பிடி அழகு, வியர்த்த கையில் நிற்காது.

அப்புறம் லாக், அதாவது விரித்த அலகு மடங்காமல் பூட்டும் அமைப்பு. சிறிய சுவிஸ் பேனாக்கத்திகளில் ஸ்பிரிங் மட்டுமே அலகைப் பிடித்திருக்கும். முனையால் குத்தினால் விரல்மேலேயே மடங்கிவிடும். பிரான்ஸின் ஒப்பினெல் கத்திக்கு 1955இல் கழுத்தில் ஒரு வளையம் வந்தது. திருகினால் அலகு பூட்டிக்கொள்ளும். ஒப்பினெல் அளவுகளை எண்ணால் சொல்வார்கள்; 6ஆம் எண்ணும் அதைவிடப் பெரியதும் என்றால்தான் அந்த வளையம் உண்டு, கவனித்து வாங்குங்கள்.