ஆயுதமும் நாட்டின் பெயரும்: டர்பன் மண்டபத்தில் ஒரு பட்டிமன்றம் நடத்த

முதல் வேலை தலைப்பு. "போரில் கொடிய ஆயுதம் தேவையா?" என்று வைத்தால் பேச்சாளர் ஆறு பேரும் "தேவையில்லை" என்று ஒரே பேச்சைப் பேசிவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். இரண்டு பக்கமும் நின்று வாதாடும்படி தலைப்பு இருக்க வேண்டும். டர்பனின் சாட்ஸ்வொர்த், மெரிபேங்க், ஃபீனிக்ஸ் பகுதிக் கோயில் மண்டபங்களுக்கு இது பொருந்தும்: "தென்னாப்பிரிக்காவுக்கு வெளிநாட்டில் நல்ல பெயர் தந்தது ஆயுதங்களைக் கைவிட்டதா, ஆயுத விற்பனையைச் சட்டத்துக்குள் அடக்கியதா?"

"கைவிட்டதே" அணிக்குச் சான்று நிறையக் கிடைக்கும். ஆறு அணுகுண்டுகளை முழுதாகச் செய்து, ஏழாவது முடியாத நிலையில், எல்லாவற்றையும் பிரித்துப்போட்ட நாடு இது. 1991 ஜூலையில் அணு ஆயுதப் பரவல் தடை உடன்படிக்கையில் சேர்ந்தது. 1993 மார்ச் 24 அன்று அப்போதைய அதிபர் டி கிளெர்க், குண்டு செய்ததையும் பிரித்ததையும் நாடாளுமன்றத்தில் வெளியே சொன்னார். ஆள்கொல்லிக் கண்ணிவெடியை 1997 பிப்ரவரியில் கைவிட்டது. அதே ஆண்டு ஒஸ்லோவில் கண்ணிவெடித் தடை உடன்படிக்கையின் வாசகம் முடிவானபோது தலைமை நாற்காலியில் இருந்தவர் தென்னாப்பிரிக்காவின் ஜாக்கி செலெபி. பல சிறுகுண்டுகளைச் சிதறவிடும் கொத்துக்குண்டுக்கான தடை உடன்படிக்கையில் 2008-ல் கையெழுத்திட்டது, 2015-ல் முறைப்படி ஏற்றது. இந்த அணி அடிபடும் இடம் ஒன்று உண்டு. குண்டுகளைப் பிரித்து முடித்த பிறகுதான் உலகத்துக்குச் சொன்னார்கள். "மறைத்ததற்கா பாராட்டு?" என்று எதிரணி கேட்கும். பதிலைக் கையில் வைத்திருங்கள்: சர்வதேச அணுசக்தி முகமை ஆய்வாளர்கள் உள்ளே வந்து பார்க்க அனுமதிக்கப்பட்டார்கள்.

"அடக்கியதே" அணியின் வழக்கு கடினமானது, ஆனால் சுவையானது. கைவிடுவது ஒருமுறை நடக்கிற காரியம். விற்பனை ஒவ்வொரு கப்பலிலும் நடக்கிறது. 2002-ஆம் ஆண்டின் 41-ஆம் எண் சட்டம் ஆயுத ஏற்றுமதிக்கு அமைச்சர்கள் குழுவின் அனுமதியைக் கட்டாயமாக்கியது. வாங்கும் நாடு, பொருள் வேறு கைக்குப் போகாது என்று எழுதித் தர வேண்டும். 2019-ல், விற்ற ஆயுதத்தைத் தென்னாப்பிரிக்க அதிகாரிகள் நேரில் வந்து சோதிக்கும் உரிமையைச் சவூதியும் அமீரகமும் ஏற்காததால் ஏற்றுமதி தேங்கியது. 2020-ல் அந்த விதியின் சொற்கள் தளர்ந்தன. எதிரணி குத்தப்போவது இந்தத் தளர்வில்தான், அதனால் நீங்களே முதலில் சொல்லிவிடுவது மேல்.

இரு அணிக்கும் பொதுவான கத்தி "லேடி ஆர்" கப்பல். 2022 டிசம்பரில் சைமன்ஸ் டவுன் கடற்படைத் தளத்துக்கு வந்த அந்த ரஷ்யக் கப்பலில் ஆயுதம் ஏற்றப்பட்டதாக 2023 மே மாதம் அமெரிக்கத் தூதர் சொன்னார். தென்னாப்பிரிக்கப் பணமான ராண்டின் மதிப்பு உடனே சரிந்தது. இதை விசாரித்த நீதிபதி மொஜபெலோ குழு, ஆயுதம் ஏற்றியதற்கு ஆதாரமில்லை என்றது. குற்றச்சாட்டு நிரூபணமாகாமலே பணத்தின் மதிப்பு விழுந்தது என்பதைப் பேச்சாளர் நிறுத்திச் சொல்ல வேண்டும். "ஏற்றினார்கள்" என்று உறுதியாகப் பேசுபவரை நடுவர் அங்கேயே மறிக்கட்டும்.

"உலகமே காறித் துப்பியது" என்ற வசனத்தை இரு அணிக்கும் தடை செய்துவிடுங்கள். பெயர் கெட்டதா என்பதைப் பிற நாடுகள் செய்த காரியத்தால்தான் அளக்க வேண்டும்: யார் தடை விதித்தார், யார் வாங்க மறுத்தார், யார் தலைமைப் பொறுப்பைத் தந்தார். 1977 நவம்பர் 4 அன்று ஐ.நா. பாதுகாப்பு மன்றத்தின் 418-ஆம் தீர்மானம் தென்னாப்பிரிக்கா மீதான ஆயுதத் தடையைக் கட்டாயமாக்கியது, 1994 மேயில் அது நீங்கியது. இவை அளவுகோல்.

ஒத்திகையில் வழக்கமாகச் சறுக்கும் இடங்கள் சில. கண்ணிவெடி உடன்படிக்கை ஆளைக் கொல்லும் கண்ணிவெடியைத்தான் தடுக்கிறது. டாங்கிக்கு எதிரானதை அல்ல. கொத்துக்குண்டுத் தடையில் ஒவ்வொரு சிறுகுண்டும் 20 கிலோவுக்குக் கீழ் என்பது வரையறை, அதற்குள்ளும் விலக்குகள் உண்டு. காற்றுப் பட்டதும் எரியும் வெள்ளை பாஸ்பரஸ் பற்றி எல்லோரும் "தடைசெய்யப்பட்டது" என்பார்கள். தீ மூட்டும் ஆயுதங்களைக் கட்டுப்படுத்தும் சர்வதேச எரி ஆயுத நெறிமுறை, புகைக்கும் வெளிச்சத்துக்கும் வடிவமைத்த குண்டுகளைத் தன் வரையறையிலிருந்து விலக்குகிறது. வாதம் பயன்படுத்திய இடத்தையும் விதத்தையும் பற்றியதாக மாறிவிடும். இன்னொன்று: கையெழுத்திட்டதும் முறைப்படி ஏற்றதும் ஒன்றல்ல. அமெரிக்கா, ரஷ்யா, சீனா, இந்தியா கண்ணிவெடித் தடையில் இல்லை என்பதால் "உலகம் தடை செய்தது" என்றால் எதிரணி சிரிக்கும்.

பேச்சு எப்படியும் முள்ளிவாய்க்காலுக்குப் போகும். அதைத் தடுக்கப் பார்க்காதீர்கள், எதிர்பார்த்துக்கொள்ளுங்கள். வன்னியில் கொத்துக்குண்டு வீசியதாக எழுந்த குற்றச்சாட்டை இலங்கை அரசு மறுத்தது. அதே நாடு 2018-ல் கொத்துக்குண்டுத் தடையில் சேர்ந்து, 2019-ல் அதன் உறுப்பு நாடுகள் கூட்டத்துக்குத் தலைமையும் ஏற்றது. பெயரை மீட்கவா, கேள்வியை மூடவா என்பது வாதிடத் தக்கது. ஆனால் சபையில் உறவுகளை இழந்தவர்கள் இருக்கலாம், நகைச்சுவை வேண்டாம்.

நேரக்கணக்கு: நடுவர் தொடக்கம் 10 நிமிடம், ஆறு பேர் தலா 8 நிமிடம், அணித்தலைவர் மறுப்பு தலா 3 நிமிடம், தீர்ப்பு 15 நிமிடம். கைதட்டலும் இடைவெளியும் சேர்ந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் முடியும். 7-ஆம் நிமிடத்தில் ஒரு மணி, 8-ல் இரண்டு மணி. ஒவ்வொருவருக்கும் நான்கு அட்டை போதும்: தேதி, ஆவணம், அதைச் சொன்னவர், எதிரணியின் பதில். அட்டையில் இல்லாத எண்ணை மேடையில் சொல்லக் கூடாது.

இளையவர்களில் பலருக்குத் தமிழ் பாதிதான் புரியும். நிகழ்ச்சி நிரலின் பின்பக்கத்தில் கண்ணிவெடி, கொத்துக்குண்டு, உடன்படிக்கை, ஏற்றுமதி என ஒரு பன்னிரண்டு சொற்களை ஆங்கிலப் பொருளோடு அச்சிடுங்கள். பேச்சின் நடுவில் மொழிபெயர்க்கத் தொடங்கினால் ஒவ்வொரு எட்டு நிமிடமும் பன்னிரண்டாகும்.

நடுவருக்கு ஒரே எச்சரிக்கை: காந்தியையும் மண்டேலாவையும் சொல்லித் தீர்ப்பை முடிப்பது டர்பனில் வழக்கமாகிவிட்டது. மண்டேலா ஆட்சியிலேயே, 1997-ல் சிரியாவுக்கு டாங்கியின் சுடுதலைக் கட்டுப்படுத்தும் கருவி விற்கும் பேச்சு எழுந்து அமெரிக்கா எதிர்த்தது. முன்வரிசையில் இருக்கும் யாராவது எழுந்து அதைக் கேட்டால் நடுவரின் 15 நிமிடமும் போய்விடும்.