கையால் கட்டிய விமானத்தில் ஆட்டோபைலட் சர்வோ பொருத்தும் முறை

ஆட்டோபைலட் என்பது விமானத்தைத் தானாகச் செலுத்தும் கருவி; அதன் கட்டளைப்படி கட்டுப்பாட்டுத் தண்டுகளை அசைக்கும் மோட்டாரே சர்வோ. அந்தச் சர்வோவைப் பொருத்துவது என்பது, விமானியின் கைக்கு மட்டும் கட்டுப்பட்டிருந்த தண்டுகளோடு இன்னொரு கையையும் சேர்ப்பதாகும். அந்த இரண்டாம் கை எந்த நிலையிலும் முதல் கைக்கு வழிவிட்டே ஆக வேண்டும்; கீழே சொல்லப்படும் ஒவ்வொரு விதியும் இதை உறுதிசெய்வதற்கானதே.

பெரும்பாலான கிட் விமானங்களில் (பாகங்களை வாங்கி நாமே கட்டும் விமானங்களில்) இரண்டு சர்வோக்கள் போதும். ஒன்று இறக்கைக்குள், விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும் ஐலரானின் பெல்கிராங்கிலும் (தண்டின் அசைவைத் திசைமாற்றும் நெம்புகோல்), மற்றொன்று பின்னுடலில், மூக்கை ஏற்றி இறக்கும் எலிவேட்டரின் பெல்கிராங்கிலும் இணையும். முதலில், விமானி பிடித்து அசைக்கும் ஸ்டிக்கின் முழு வீச்சையும், அதைத் தடுத்து நிறுத்தும் நிறுத்திகளையும் சரிசெய்து முடித்துவிடுங்கள். வீச்சு எப்போதும் அந்த நிறுத்திகளில்தான் முடிய வேண்டும், சர்வோவின் கையில், அதாவது சர்வோ சுழற்றும் நெம்புகோலில், முடியக் கூடாது.

அடுத்தது கோணம், இதற்கு எவ்வளவு நேரம் செலவிட்டாலும் தகும். ஸ்டிக் நடுநிலையில் இருக்கும்போது சர்வோவின் கையும், அதைப் பெல்கிராங்கோடு இணைக்கும் தள்ளுதண்டும் ஒன்றுக்கொன்று 90 பாகையில் நிற்க வேண்டும். வீச்சின் எல்லையில் இவை இரண்டும் ஒரே நேர்கோட்டை நெருங்கினால் இணைப்பு மறுபக்கம் மடங்கி, ஸ்டிக் அங்கேயே பூட்டிக்கொள்ளும். பறக்கும்போது அதை விடுவிக்க வழியே இல்லை. நடுநிலையிலிருந்து இரு பக்கமும் 60 பாகைக்குள் சர்வோவின் கை நின்றுவிட வேண்டும் என்பது நான் விடாமல் கடைப்பிடிக்கும் எல்லை. தயாரிப்பாளரின் கையேடு இதைவிடக் குறைத்துச் சொன்னால் அதுவே விதி. எல்லை மீறுமானால், தண்டைச் சர்வோ கையின் வெளித்துளைக்கு மாற்றுங்கள். சுழற்சி குறையும், தள்ளும் விசையும் சற்றுக் குறையும். எலிவேட்டரின் மேல்வீச்சும் கீழ்வீச்சும் பெரும்பாலும் சமமாக இருப்பதில்லை என்பதால், ஒருவர் ஸ்டிக்கை மெதுவாக அசைக்க, மற்றொருவர் டார்ச்சோடு பின்னுடலுக்குள் தலையை நுழைத்து, இரு எல்லைகளிலும் கோணத்தைத் தனித்தனியே அளந்து குறிக்க வேண்டும்.

தள்ளுதண்டின் முனையில் உள்ள, குண்டுடைய மூட்டான ராட் எண்ட் பேரிங்கின் வெளிப்புறத்தில் அகன்ற வாஷர் ஒன்று கட்டாயம் இருக்கட்டும். பேரிங்கின் குண்டு கழன்றாலும் தண்டு போல்ட்டை விட்டு நழுவாமல் அது தடுக்கும். 3/16 அங்குல ஏஎன்3 (விமானங்களுக்கான தர அளவு) போல்ட்டில் நைலான் பூட்டு நட்டை 20 முதல் 25 அங்குல-பவுண்டு வரை டார்க் ரெஞ்சால் (முறுக்கும் விசையை அளந்து காட்டும் திருகுக்கருவி) முறுக்கி, நட்டையும் போல்ட்டையும் சேர்த்து வண்ணக்கோடு இட்டுவிடுங்கள். பின்னாளில் நட் அசைந்திருந்தால் அந்தக் கோடே காட்டிக்கொடுக்கும்.

நம் காரைக்குடிப் பகுதிக்கென்று சில கவனங்கள் உண்டு. விமானத்தை வீட்டு வளவில் வைத்துக் கட்டுவோர், கோடையில் பறக்கும் செம்மண் புழுதி படாதபடி ராட் எண்டுகளைத் துணியால் சுற்றி வைக்க வேண்டும். உட்பூச்சுள்ள பேரிங்குகளுக்கு எண்ணெய் இட வேண்டாம், புழுதி அதில்தான் ஒட்டும். அரிமானத்தை ஆராயும் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் 1953 முதல் காரைக்குடியிலேயே இருப்பதால், எஃகும் அலுமினியமும் ஈரத்தில் உரசியிருந்தால் அலுமினியம் அரிக்கப்படும் என்பது இவ்வூரார் பலர் அறிந்ததே. ஐப்பசி மழைக்கு முன்பே, எஃகுத் தாங்கிக்கும் அலுமினியச் சட்டத்திற்கும் இடையில் எபாக்சி பிரைமர் என்னும் காப்புப் பூச்சைப் பூசிவிடுங்கள்.

மின்னிணைப்பில் மூன்றே செய்திகள்: சர்வோக்களுக்குத் தனி சர்க்யூட் பிரேக்கர் (மின்சாரத்தைத் துண்டிக்கும் காப்புச் சுவிட்சு), ஸ்டிக்கிலேயே துண்டிப்புப் பொத்தான், திசை காட்டும் காந்த உணரியிலிருந்து போதிய தொலைவு. சர்வோவை இயக்கும்போது திரையில் திசை எண் நகர்கிறதா என்று பார்த்தாலே மூன்றாவது தெரிந்துவிடும்.

தரைச் சோதனையில் ஆட்டோபைலட்டை இயக்கிவிட்டு, ஏறும்படி கட்டளையிடுங்கள். ஸ்டிக் பின்னோக்கி வர வேண்டும். வலப்பக்கம் திரும்பச் சொன்னால் ஸ்டிக் வலப்பக்கம் சாய வேண்டும். பிறகு சர்வோ இழுக்கும்போதே கையால் எதிர்த்துத் தள்ளி, அது நழுவுவதை உணருங்கள். உங்கள் இரு கைகளும் தேவைப்பட்டால் சர்வோவின் முறுக்குவிசை அமைப்பைக் குறைக்க வேண்டும். பொத்தானை அழுத்தியும் பிரேக்கரை இழுத்தும் தனித்தனியே துண்டித்துப் பாருங்கள்.

வால்பக்கச் சர்வோவின் எடை 1 கிலோ அளவே என்றாலும், நீண்ட தொலைவில் இருப்பதால் ஈர்ப்பு மையம் பின்னே நகரும். விமானத்தை மீண்டும் எடைபோட்டுக் கணக்கைத் திருத்துங்கள். மூடித் தகடுகளைத் திருகாணியால் மட்டுமே பொருத்துங்கள். ஆண்டுச் சோதனையில் கையும் கண்ணாடியும் சர்வோ வரை எட்ட வேண்டும்.