கலை உலகைக் கேலி செய்யும் படம்: பார்வையாளர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இன்றைய கலை உலகை அங்கதமாகக் காட்டும் ஒரு படம் முடிந்து வெளியே வருகிறவர்களிடம் பெரும்பாலும் இரண்டு குரல்களே கேட்கின்றன. ‘இதெல்லாம் ஏமாற்று வேலை என்று நான் அப்போதே சொன்னேனே’ என்பது ஒன்று. ‘கலை தெரியாதவர்களைக் குஷிப்படுத்த எடுத்த படம்’ என்பது மற்றொன்று. எதிரெதிராகத் தோன்றினாலும் இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். படம் கலைப்படைப்பைத்தான் கிண்டல் செய்கிறது என்று இரு தரப்பாரும் முன்கூட்டியே முடிவுகட்டிவிடுகிறார்கள்.

2017ஆம் ஆண்டு கான் திரைப்பட விழாவில் தங்கப் பனை விருது பெற்ற, ரூபன் ஓஸ்ட்லண்ட் இயக்கிய ‘தி ஸ்கொயர்’ படத்தை எடுத்துக்கொள்வோம். ஸ்டாக்ஹோமில் உள்ளதாகக் கற்பனை செய்யப்பட்ட ஓர் அருங்காட்சியகத்தில், சரளைக் கற்களைச் சிறு சிறு குவியல்களாக வைத்து ஒரு படைப்பு காட்சிக்கு வைக்கப்பட்டிருக்கிறது. துப்புரவுப் பணியாளர் தெரியாமல் அதில் ஒரு பகுதியை இயந்திரத்தால் உறிஞ்சிவிடுகிறார். அந்த இடத்தில் பலரும் ‘கல் குவியலெல்லாம் கலையா’ என்று சிரித்துவிட்டு அடுத்த காட்சிக்குப் போய்விடுகிறார்கள். ஆனால் காட்சியின் கூர்மை அதற்குப் பிறகுதான் வருகிறது: உறிஞ்சப்பட்ட கற்களை எடுத்து வந்து, புகைப்படத்தைப் பார்த்து நாமே திரும்பக் கொட்டிவிடலாம் என்று அருங்காட்சியகத்தின் பொறுப்பாளரே யோசனை சொல்கிறார். அந்தக் கற்களுக்கு மதிப்பு உண்டு என்று ஊருக்கெல்லாம் எடுத்துச் சொல்ல வேண்டிய மனிதருக்கே அதில் நம்பிக்கை இல்லை. கேலி கல்லின் மீதன்று, அவர் மீதுதான் விழுகிறது.

இத்தகைய காட்சிகளை ‘மிகை’ என்று ஒதுக்குவது அடுத்த தவறு. 2015இல் இத்தாலியின் போல்சானோ நகரிலுள்ள மியூசியோன் அருங்காட்சியகத்தில், கொண்டாட்டம் முடிந்த அறையைப் போலக் காலிப் புட்டிகளும் வண்ணக் காகிதத் துண்டுகளும் சிதறிக் கிடக்க அமைக்கப்பட்ட ஒரு படைப்பைப் பணியாளர்கள் குப்பை என்று எண்ணி அள்ளிவிட்டார்கள். பின்னர் அது மறுபடியும் அமைக்கப்பட்டது. அதே போல, ‘தி ஸ்கொயர்’ படத்தின் விருந்துக் காட்சியில் குரங்காக நடந்துகொள்ளும் கலைஞனின் பெயர் ஒலெக். நாயாக நடித்த நிகழ்த்துகலையின்போது (கலைஞர் தம் உடலையும் செயலையுமே படைப்பாக்கும் கலை இது) பார்வையாளரைக் கடித்துவிட்ட ஒலெக் கூலிக் என்ற ரஷ்யக் கலைஞரின் கதை 1996இல் நிகழ்ந்தது. நிகழ்ந்த ஊரும் ஸ்டாக்ஹோம்தான். உண்மை நிகழ்வை மிகை என்று எண்ணிவிட்டால், படத்தில் உண்மையாகவே மிகைப்படுத்தப்பட்ட இடம் எது என்பதை நம்மால் பிரித்தறிய முடியாமல் போகும்.

அந்த விருந்துக் காட்சியைப் பற்றித்தான் பார்வையாளர்கள் அதிகம் பேசுகிறார்கள். அதிகம் தவறாகப் பேசுவதும் அதைப் பற்றித்தான் என்பது என் எண்ணம். சட்டையில்லாத ஒரு மனிதன் குரங்கைப் போல மேசைகளுக்கு இடையே திரிகிறான். முதலில் எல்லோரும் ரசிக்கிறார்கள். அவன் எல்லை மீறத் தொடங்கியதும், கோட்டு சூட்டணிந்த கனவான்கள் தலையைக் குனிந்து, தட்டையே பார்த்தபடி உட்கார்ந்துவிடுகிறார்கள். ஒரு பெண்ணின் தலைமுடியைப் பிடித்து அவன் இழுக்கும்போதும் உடனே யாரும் எழுவதில்லை. கடைசியில் முதியவர் ஒருவர் பாய்ந்த பிறகுதான் மற்றவர்களுக்குத் துணிவு வருகிறது, அதுவும் கும்பலாக அடிக்கும் துணிவாக. இதை ‘நிகழ்த்துகலை எவ்வளவு அபத்தம் பாருங்கள்’ என்று சுருக்கிவிடுபவர், கூட்டத்தில் ஒருவராக ஒளிந்துகொள்ளும் மனித வழக்கத்தைப் பற்றிய காட்சியைக் கலை விமர்சனமாகக் குறுக்கிவிடுகிறார். இருளில் அசையாமல் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களில் தாமும் ஒருவர் என்பது அவருக்கு உறைப்பதில்லை.

விலையையும் மதிப்பையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வது படத்தோடு நிற்காத தவறு. இத்தாலியக் கலைஞர் மௌரிட்சியோ கட்டெலான் 2019இல் மயாமியில் சுவரில் ஒட்டிய வாழைப்பழம் 1,20,000 டாலருக்கு விற்கப்பட்டது. 2024 நவம்பரில் நியூயார்க் ஏலத்தில் அதன் ஒரு பிரதி, கட்டணங்கள் உட்பட, 62 லட்சம் டாலருக்குப் போனது. ‘இதை நானும் ஒட்டுவேன்’ என்பது உண்மைதான், ஆனால் வாங்கியவர் பெறுவது பழத்தை அல்ல, சான்றிதழையும் எப்படி ஒட்டுவது என்ற குறிப்புகளையும்தான். மேலும் அந்தப் படைப்பின் பெயரே ‘காமெடியன்’. 1961இல் பியெரோ மன்சோனி என்ற இத்தாலியக் கலைஞர் தன் மலம் என்று எழுதப்பட்ட 90 டப்பாக்களை அடைத்து, ஒவ்வொன்றுக்கும் அதன் எடைக்குரிய தங்கத்தின் விலையைக் குறித்தார். சந்தையைக் கேலி செய்யும் வேலையைக் கலைஞர்கள் எப்போதோ தொடங்கிவிட்டார்கள் என்பது தெரியாமல், திரைப்படம்தான் முதன்முதலில் குட்டை உடைத்தது என்று வியப்பது சற்றுத் தாமதமான வியப்பு.

பெயர்க் குழப்பம் ஒன்றும் உண்டு. ஏறத்தாழ 1860களிலிருந்து 1960கள் வரையிலான கலையையே வரலாற்றில் நவீனக் கலை என்பார்கள். இந்தப் படங்கள் கிண்டல் செய்வது அதற்குப் பின் வந்த சமகாலக் கலையையும் அதன் சந்தையையும். பிக்காசோ நவீனக் கலையைச் சேர்ந்தவர். எனவே, ‘பிக்காசோவையே விட்டுவைக்கவில்லை’ என்ற பாராட்டு குறி தவறிய பாராட்டு.

கலையை அறிந்தவர்கள் செய்யும் தவறு வேறு வகையானது. படம் பிடிக்கவில்லை என்று ஒருவர் சொன்ன உடனே, ‘உங்களுக்குப் புரியவில்லை’ என்று வாயை அடைத்துவிடுகிறார்கள். ‘தி ஸ்கொயர்’ இரண்டரை மணி நேரம் ஓடுகிறது. நடுவே இழுவையாக இருக்கிறது என்று ஒருவர் சலித்துக்கொண்டால் அது நியாயமான குறைதான், ரசனைக் குறைவு அன்று. கண்காட்சிச் சுவரில் தொங்கும் புரியாத விளக்கவுரையை நையாண்டி செய்யும் படத்தை, அதே தொனியில் பிறருக்கு விளக்க முற்படும் ஒருவர், தம்மை அறியாமலேயே அந்தப் படத்தின் பாத்திரங்களில் ஒருவராகிவிடுகிறார்.