சட்டக் கல்லூரிக்கு முன் தர்க்கம்: நான் ‘மட்டுமே’யில் தடுக்கி விழுந்த கதை

இலங்கைச் சட்டக் கல்லூரி நுழைவுப் பரீட்சைக்குப் பொது அறிவை விழுந்து விழுந்து படித்தேன். மாதிரி வினாத்தாள்களில் புள்ளி போனதோ தர்க்க வினாக்களில். அதைச் சரிசெய்த வழி இது.

முதலில் புத்தகம். உயர்தரத்துக்கான ‘அளவையியலும் விஞ்ஞான முறையும்’ பாடநூல் போதும். பழைய பிரதியே நல்லது. நியாயத்தொடை (இரண்டு கூற்றுகளிலிருந்து ஒரு முடிவுக்கு வருவது), போலிகள் (சரிபோலத் தோன்றும் பிழையான வாதங்கள்) இரண்டையும் முதலில் படியுங்கள். போன் செயலிகள் எனக்குப் பிடிக்காது, விடையைத் தட்டிவிட்டு ஏன் என்று யோசிக்காமல் போய்விடுவோம். பென்சிலும் சதுரக்கோட்டுக் கொப்பியும் எடுங்கள்.

அடுத்து, பத்திரிகைத் தலையங்கம் ஒன்றை எடுத்து எடுகூற்று (முடிவுக்கு ஆதாரமாக வைக்கும் கூற்று) எது, முடிவு எது என்று பிரியுங்கள். ஒரு வாரத்தில் கை பழகிவிடும்.

இனி நான் விழுந்த இடம். “மழை பெய்தால் கொழும்பின் காலி வீதி வாகனங்களால் நெரியும். காலி வீதி நெரிகிறது. ஆகவே மழை பெய்கிறது.” சரி என்று போட்டேன். பாடசாலை விடும் நேரம் அதே வீதியில் வெள்ளவத்தையில் நின்று பாருங்கள், வெயிலிலும் நெரியும்! நெரியவில்லை என்றால் மழை இல்லை என்று சொல்லலாம். நெரிகிறது என்பதை வைத்து மழையைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது.

இதைவிடப் பொல்லாதது ‘மட்டுமே’. “அனுமதிச் சீட்டு இருந்தால் மட்டுமே உள்ளே விடுவார்கள்.” சீட்டு இருந்தால் கட்டாயம் விடுவார்கள் என்று இதில் இல்லை; அடையாள அட்டையும் கேட்கலாம். நான் இப்படித் திருப்பி எழுதுவேன்: “உள்ளே விட்டார்கள் என்றால் சீட்டு இருந்தது.” ‘மட்டுமே’ ஒட்டிய பகுதியைத் தூக்கிப் பின்னால் போடுங்கள், அவ்வளவுதான்.

அப்புறம் சட்டத்திலேயே பழகுங்கள். 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவையில் 366ஆம் பிரிவு களவைப் பற்றியது. நேர்மையீனமாக எடுக்கும் எண்ணம், அசையும் ஆதனம் (இடம்மாற்றக்கூடிய பொருள்), அது இன்னொருவர் உடைமையில் இருப்பது, அவருடைய சம்மதம் இல்லாமை, எடுப்பதற்காக அதை அசைத்தல். ஐந்தும் சேர்ந்தால்தான் களவு. ஒவ்வொன்றாக அழித்துப் பாருங்கள். நம்முடையது என்று நினைத்து அடுத்தவர் குடையை எடுத்து வந்தால்? நான்கு இருக்கிறது, எண்ணம் இல்லை. களவு இல்லை.

பிற்சேர்க்கை: ‘ஒழிய’ வந்தால் என்ன செய்வது என்று இருவர் கேட்டார்கள். ‘இல்லாவிட்டால்’ என்று மாற்றுங்கள். “கட்டணம் கட்டினால் ஒழிய அனுமதி இல்லை” என்பது, கட்டாவிட்டால் அனுமதி இல்லை என்பதுதான். கட்டினால் அனுமதி உண்டா? வசனம் அதைச் சொல்லவில்லை.