மளிகைக் கடைக்குள் வெள்ளம் வருமுன்

சென்னையில் 2015, 2023 இரண்டு பெருவெள்ளமும் டிசம்பரில் வந்தவை; வேலையை அக்டோபருக்குள் முடியுங்கள். ஃப்ரீசரில் கம்ப்ரஸர் அடியில் இருப்பதால் முதலில் போவது அதுதான். இரும்பு ஸ்டாண்டில் ஏற்றுங்கள். அரிசி, சர்க்கரை மேல் தட்டுக்கு. வாளி, குடம் கீழே கிடக்கலாம்.

ஷட்டருக்கு வெளியே தார்ப்பாய் விரித்து, மணல் மூட்டைகளைச் செங்கல் கட்டுபோல மாற்றி அடுக்குங்கள். மூட்டையில் பாதியளவே மணல். திணித்துக் கட்டினால் படியாது, இடுக்கில் தண்ணீர் புகும். பலரும் மறப்பது கழிவறையை. சாக்கடை எதிர்த்து அதன் வழியே ஏறும். கோப்பைக்குள்ளும் ஒரு மூட்டை வையுங்கள்.

வடிந்ததும் மெயினைப் போடாதீர்கள், எலக்ட்ரீஷியன் பார்க்கட்டும். கழுவுமுன் சுவரில் தண்ணீர் நின்ற கோட்டையும் நனைந்த சரக்கையும் படமெடுங்கள். இன்சூரன்ஸ் சர்வேயர் பார்க்கும்வரை எதையும் குப்பையில் கொட்டாதீர்கள். கொள்முதல் பில்களின் நகல் போனிலேயே இருக்கட்டும்.