மோதும் விண்மீன் காற்றுகளின் உமிழ்கோடு: அளக்கும்போது சறுக்கும் இடங்கள்

பிப்ரவரி கடைசியில், இரவு பத்து மணிக்குச் சற்று முன், சென்னை மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் நேர் தெற்கே சுமார் 30 டிகிரி உயரத்தில் காமா வெலோரம் என்ற விண்மீன் நிற்கும். அதன் பிரகாசமான புள்ளி உண்மையில் ஒரு ஜோடி: ஒரு வுல்ஃப்-ராயே விண்மீனும் (அடர்ந்த காற்றாகத் தன் பொருளை வேகமாக வெளியே வீசும் சூடான விண்மீன்) ஓர் ஓ வகை விண்மீனும் (மிகச் சூடான, நீல நிற விண்மீன்) 78.53 நாளுக்கு ஒருமுறை சுற்றி வருகின்றன. இரண்டின் காற்றும் மோதி, மோதிய வாயு ஒரு கூம்பாக வழிகிறது. அதிலிருந்து வரும் ஒளி, நிறமாலையில் 5696 ஆங்ஸ்ட்ராம் (மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு ஓர் ஆங்ஸ்ட்ராம்) அலைநீளத்தில் உள்ள கார்பன் உமிழ்கோட்டின் தட்டையான தலையில் ஒரு சிறு மேடாகத் தெரியும். சுற்றுக்கு ஏற்ப அந்த மேடு இடம் மாறும்.

மேடு மோதல் முனையிலேயே பிறக்கிறது என்று நினைப்பதுதான் பெரிய தவறு. வினாடிக்கு 2000 கி.மீ. வேகத்தில் நேருக்கு நேர் மோதினால் வெப்பம் 5 கோடி கெல்வினைத் தாண்டும். இரண்டே எலெக்ட்ரானை இழந்த கார்பன் அங்கே பிழைக்காது. அங்கிருந்து வருவது எக்ஸ் கதிர். நம் கோடு, கூம்பின் சுவரோடு வழிந்து சில பத்தாயிரம் கெல்வினுக்கு ஆறிய வாயுவிலிருந்து வருகிறது. ஆகவே அளந்த வேகம் அந்த வழிதலின் வேகம். வாயு ஆறுமா என்பதைக் காற்று வேகத்தின் நான்காம் மடி தீர்மானிக்கிறது. வேகத்தில் 20 சதவீதம் கூடுதலாகப் போட்டால் ஆறுவதற்கான நேரக் கணக்கு இரண்டு மடங்காகிவிடும்.

தொடர்ச்சி மட்டத்தை, அதாவது கோடு இல்லாத இடத்து ஒளியின் அடிமட்டத்தை, வரையும்போது அவசரம் வேண்டாம். கோடு இருபுறமும் வினாடிக்கு 1500 கி.மீ. விரிந்தால் அகலம் 57 ஆங்ஸ்ட்ராம். அதற்குள் ஒரு புள்ளியை மட்டமாக எடுத்தாலும், உயர்படிப் பல்லுறுப்புக் கோவையை ஓட்டினாலும், கோட்டின் சிறகுகள் காணாமல் போகும். ஒளியைப் பதியும் சிசிடி உணரி நிரம்பிவிட்டதா என்பதையும் கோட்டின் உச்சியில் பாருங்கள், மட்டத்தில் அல்ல. காற்று அலைநீளத்தையும் வெற்றிட அலைநீளத்தையும் குழப்பினால் இந்த இடத்தில் 1.6 ஆங்ஸ்ட்ராம், அதாவது வினாடிக்கு 83 கி.மீ., பிசகும்.

அடுத்தது, மேட்டைத் தனியே பிரிக்க வுல்ஃப்-ராயே விண்மீனின் சொந்தக் கோட்டைக் கழித்தல். எல்லா இரவுகளின் சராசரியைக் கழிப்பார்கள். சராசரிக்குள்ளேயே மேடு கலந்திருப்பதால் பொய்ப் பள்ளங்கள் முளைக்கும். முதலில் எல்லா நிறமாலைகளையும் வுல்ஃப்-ராயே விண்மீனின் வேகத்துக்கு நகர்த்துங்கள். பிறகு ஒவ்வொரு அலைநீளத்திலும் மிகக் குறைந்த அளவுகளைக் கொண்டு அடித்தளம் கட்டுங்கள். அதிலும் இரைச்சல் மிகுந்த இரவுகளைச் சேர்த்தால் அடித்தளம் கீழே போய்விடும்.

மேட்டின் வேகத்தை மட்டும் பொருத்தினால் வழிதல் வேகம், கூம்புக் கோணம், சுற்றுப்பாதையின் சாய்வு மூன்றும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பிரியாது. அகலத்தையும் சேர்த்தே பொருத்த வேண்டும்; சாய்வை வேறு வழியில் பெறுவது உத்தமம்.

இதே போன்ற இன்னொரு ஜோடியான வி444 சிக்னியின் சுற்று 4.21 நாள்தான். அதில் எட்டு மணி நேரப் பதிவுகளைக் கூட்டினால் கூம்பு 28 டிகிரி திரும்பிவிடும், மேடு மழுங்கும். டபிள்யூஆர் 140 என்ற ஜோடி நேர்மாறு: சுற்று சுமார் 7.93 ஆண்டு, மையப்பிறழ்வு 0.9, அதாவது பாதை மிக நீண்ட நீள்வட்டம். இரண்டும் மிக நெருங்கும் அண்மைப்புள்ளியை ஒட்டி மட்டுமே மேடு எழும். கடந்தது 2024 நவம்பரில்; அடுத்தது 2032 அக்டோபர் கடைசியில், வடகிழக்குப் பருவமழைக் காலத்தில். தமிழ்நாட்டின் காவலூர் வானாய்வகத்தை மட்டும் நம்பித் திட்டம் போடாதீர்கள்.